தபால் எந்தத் தெரு வரை வந்தது? சென்னை ஜி.பி.ஓ. கட்டடமும் நம் சேரிகளும்



போன மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் மாலை வகுப்பில் படிக்கும் பதினோரு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினோம். சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கி ராஜாஜி சாலைக்கு வந்தபோது, செக்கச் சிவப்பாக, கோபுரங்களோடு ஒரு நீண்ட கட்டடம் தெரிந்தது. "இது கோர்ட்டா அண்ணா?" என்று கேட்டான் ஒருவன். போஸ்ட் ஆபீஸ் என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. அவர்களுக்குத் தெரிந்த போஸ்ட் ஆபீஸ், ஊர்த் தெருவில் யாரோ ஒருவருடைய வீட்டின் முன்னறை. ஒரு மேசை, ஒரு தராசு, சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி. அவ்வளவுதான்.

உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தபோது பிளஸ் டூ முடித்த ஒரு தங்கை சொன்னாள்: "எங்க தெருவுக்குள்ள தபால் வராது. ரோட்டு மேல இருக்கிற டீக்கடையில குடுத்துட்டுப் போயிடுவாங்க. என் காலேஜ் லெட்டர் அஞ்சு நாள் கழிச்சுத்தான் கைக்கு வந்துச்சு." அவள் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. வழக்கம் அப்படித்தான் என்பதுபோலச் சொன்னாள்.

அந்தப் பிரம்மாண்டமான கட்டடத்தையும் இந்தத் தங்கையின் ஐந்து நாளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அஞ்சல்துறையின் வரலாறு நமக்குப் புரியும் என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கட்டடம் வந்த கதை

சென்னையில் பொது அஞ்சலகம் 1786 ஜூன் 1 அன்று புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அதன் வணிகர்களுக்கும் கப்பல் கடிதங்கள்தான் உயிர்நாடி. அன்றைக்குச் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். அலையைக் கிழித்துக்கொண்டு கப்பலுக்குப் போய்வந்தவர்கள் கட்டுமரக்காரர்கள். கடிதங்களைத் தண்ணீர் புகாத ஓலைத் தொப்பிக்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர்கள் போனதை அன்று சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள். ஆக, பேரரசின் தபாலை முதலில் சுமந்தது நம் கடற்கரை உழைப்பாளிகளின் தலை.

பிரிட்டனில் ரோலண்ட் ஹில் என்பவரின் யோசனைப்படி 1840இல் தூரத்தைப் பார்க்காத ஒரே அஞ்சல் கட்டணம் வந்தது. டல்ஹவுசி காலத்தில், 1854இல், அது இந்தியாவுக்கும் வந்தது. எடை குறைந்த கடிதம் ஒன்றை அரையணா வில்லை ஒட்டி நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அந்தத் தடம் நம் திருவள்ளூர் வழியாகத்தான் போகிறது. ரயிலும் வில்லையும் சேர்ந்து தபாலைப் பெருக்கின. பழைய இடம் போதவில்லை. கடற்கரையை ஒட்டி, கோட்டைக்கு வடக்கே, புதிய கட்டடம் எழுந்தது.

வடிவமைத்தவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம். மாநிலக் கல்லூரியையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸையும் வடிவமைத்தவர் இவர்தான். 1874இல் வேலை தொடங்கி 1884இல் அஞ்சலகம் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. செலவு 6 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். நீளம் 352 அடி, அகலம் 162 அடி. கோபுரங்கள் 125 அடி உயரம். மூன்று தளம். நடுவில் மக்கள் வந்து நிற்க உயரமான பெரிய கூடம்; சுற்றிலும் வளைவுகள். 2000 அக்டோபரில் ஏற்பட்ட தீ விபத்தில் உள்பகுதி பெரிதும் சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது.

பாரம்பரியக் கட்டடம் என்று எழுதுகிறவர்கள் பொதுவாக இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நாம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பஞ்சத்தின் நடுவே

1874 முதல் 1884 வரை என்ற பத்தாண்டைக் கவனியுங்கள். நடுவில் இருப்பது 1876-78 பெரும் பஞ்சம், நம் பாட்டன்மார் சொல்லும் தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. நிலமில்லாதவர்கள்தான் முதலில் விழுந்தார்கள். நிலமில்லாதவர்கள் யார் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கிராமங்களிலிருந்து சனம் சென்னையை நோக்கி நடந்து வந்தது. நிவாரண வேலை என்ற பேரில் ஆள்களை மண் வெட்ட விட்டார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். அன்றைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. எண்ணூர், பழவேற்காடு பக்கம் நீங்கள் தினமும் பார்க்கும் கால்வாயின் தொடர்ச்சிதான் அது. ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி 1877 தொடக்கத்தில் நிவாரணக் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க வெயிலில் உழைக்கும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாக் காசும். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. அந்தக் கூலியில் உயிர் வாழ முடியாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷே எதிர்த்து எழுதினார்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓரணாக் கூலி, ஒரு கடிதத்துக்கு அரையணா. அதாவது ஒரு கடிதம் போட அரை நாள் காசு. அதே ஆண்டுகளில் இதே நகரத்தில் ஆறே முக்கால் லட்ச ரூபாயில் அஞ்சலகம் எழும்பிக்கொண்டிருந்தது. சிஷோமின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. செங்கல் அறுத்தவர், கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு அரைத்தவர், சாரத்தில் தட்டு சுமந்த பெண்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இதைப் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் இன்றும் ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களும் நம் இருளர் குடும்பங்களும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடப்பதையும், கொத்தடிமைகளாக மீட்கப்படுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்.

கோபுரத்தின் தொப்பி

கட்டடக் கலையிலும் ஓர் அரசியல் இருக்கிறது. இந்தக் கட்டட பாணியை இந்தோ-சாரசனிக் என்பார்கள். ஐரோப்பியக் கட்டடத்தின் உடம்பில் இந்தியக் கட்டடங்களின் வளைவு, மாடம், கோபுரம் ஆகியவற்றைப் பொருத்துவது. நாங்கள் அந்நியர்கள் இல்லை, உங்கள் மரபின் வாரிசுகள் என்று ஆட்சியாளர்கள் சொல்லிக்கொள்ள அது உதவியது. சிஷோம் இந்த அஞ்சலகக் கோபுரங்களுக்குத் திருவிதாங்கூர் பாணியில் சரிந்த கூரைத் தொப்பிகளை வைத்தார். திருவனந்தபுரத்தின் நேப்பியர் அருங்காட்சியகத்தை வடிவமைத்தவரும் அவர்தான். மலையாள நாட்டுக் கோயில், அரண்மனைகளின் கூரையை அங்கேதான் பயின்றார்.

அந்தக் கூரைக்குக் கீழே அன்றைய திருவிதாங்கூரில் யார் நிற்க முடிந்தது? புலையர், பறையர் கோயிலை விடுங்கள், அதைச் சுற்றியுள்ள தெருவில்கூட நடக்க முடியாது. 1893இல் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனதே அங்கே கலகம். கோயில் நுழைவுப் பிரகடனம் வருவதற்கு 1936 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

'இந்திய மரபு' என்று வெள்ளைக்காரர்கள் தேடி எடுத்ததெல்லாம் அரண்மனையும் கோயிலும்தான். குடிசையும் சேரியும் மரபுக் கணக்கில் வரவில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தை நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். திருவிதாங்கூரில் நம்மை விரட்டிய அதே கூரை, சென்னையில் அரையணா கையில் வைத்திருக்கும் யாரும் வந்து நிற்கக்கூடிய ஒரு கூடத்துக்கு மேலே வந்து உட்கார்ந்தது. ஆட்சியாளர்கள் சாதியை ஒழிக்க வரவில்லை. அவர்களுக்கு வேண்டியது வருமானம். ஆனால் அந்த வில்லை ஒட்டுகிறவரின் சாதியைக் கேட்கவில்லை. அந்தச் சிறு இடைவெளியை நம் முன்னோர் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் இந்தக் கட்டடத்தின் முக்கியமான வரலாறு.

வில்லை ஒட்டிய விடுதலைக் குரல்

1879இல் காலணா அஞ்சலட்டை வந்தது. 1880இல் மணியார்டர் வந்தது. 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி வந்தது. பர்மாவுக்கும் இலங்கைக்கும் நேட்டாலுக்கும் மலேயாவுக்கும் கூலிகளாகப் போனவர்களிலும், கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களிலும் நம் மக்கள் ஏராளம். பிரிந்துபோன குடும்பங்களை இணைத்த ஒரே கயிறு தபால்தான்.

கட்டடம் திறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1893 அக்டோபரில், ரெட்டைமலை சீனிவாசன் சென்னையிலிருந்து 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்து நடத்தினார். இதழ் 1900 வரை வந்தது. அதே 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி ஒரு விண்ணப்பம் தயாரித்தார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் அதிகாரம் முழுவதும் ஆதிக்கச் சாதியினர் கைக்குத்தான் போகும் என்று எதிர்த்த விண்ணப்பம் அது. 3,412 பேர் கையொப்பம். நீளம் 112 அடி. லண்டனில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜெனரல் செஸ்னி வழியாக அது அவைக்குப் போனது. இந்த அஞ்சலகக் கட்டடத்தின் முகப்பு நெடுக அதை விரித்தால் மூன்றில் ஒரு பங்கை அடைத்துவிடும். பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, இரண்டு பேர் சாலையில் அடி போட்டு அளந்தே பார்த்தார்கள்.

1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அது 'தமிழன்' ஆனது. அன்றைய ஒரு பைசா என்பது காலணா, அதாவது ஓர் அஞ்சலட்டையின் விலை. கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று நம் மக்கள் வேலை செய்த இடமெல்லாம் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். பௌத்தம், வரலாறு, மொழி, உரிமை என்று அவர் எழுதியதெல்லாம் தபால் பையில் ஏறித்தான் அங்கே போனது. இன்றைக்கு நாம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஆயிரம் பேருக்கு அனுப்புகிறோமே, அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முந்தைய வடிவம் இது. கோயில் கொடுக்காத மேடையை, சத்திரம் கொடுக்காத இடத்தை, பள்ளிக்கூடம் கொடுக்காத பலகையை ஓர் அஞ்சல் வில்லை கொடுத்தது.

கடைசி அரை மைல்

சென்னையில் ஒட்டிய வில்லை ரங்கூன் வரை போனது. ஆனால் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த அரை மைலைத் தாண்டியதா?

இதற்குக் காரணமான ஏற்பாட்டை நாம் புரிந்துகொள்ள வேண்டும். நகரத்தில் அஞ்சலகத்துக்குக் கட்டடம் உண்டு. கிராமத்தில் கிடையாது. கிளை அஞ்சலகத்தை நடத்தப் பள்ளி ஆசிரியர், கடைக்காரர், நிலம் வைத்திருப்பவர் போன்ற ஒருவரைப் பிடிப்பார்கள். வேறு வருமானம் உள்ளவராகவும், அஞ்சலகம் நடத்த இடம் கொடுக்கக் கூடியவராகவும் அவர் இருக்க வேண்டும். சொத்தும் படிப்பும் யாரிடம் இருந்தன? ஊர்த் தெருவில் இருந்தவர்களிடம். ஆக, மகாராணியின் அஞ்சலகம் கிராமத்துக்கு வந்தபோது ஆதிக்கச் சாதி வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தது. நாம் செருப்புப் போட்டு நடக்க முடியாத தெரு அது. சட்டப்படி அது பொது அலுவலகம். நடைமுறையில் ஒருவருடைய வீட்டு வாசல்.

எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் பெரம்பூரில் ஆலை வேலைக்குப் போய் மாதாமாதம் மணியார்டர் அனுப்பியவர். "பணம் வந்துருக்குதுன்னு நமக்குத் தெரியறதுக்கு முன்னாடி ஊருக்கே தெரிஞ்சிடும். கடன் குடுத்தவன் திண்ணைகிட்டயே வந்து நிப்பான்" என்று பாட்டி சொல்வார். கைநாட்டு வைத்துவிட்டு, எட்டத்தில் நின்று, தரையில் வைத்த காசை எடுத்துக்கொண்டு வந்ததாகவும் சொல்வார்.

முகவரி என்பதே நமக்குச் சிக்கலாகத்தான் இருந்தது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். நம் திருவள்ளூரும் பொன்னேரியும் அன்று செங்கல்பட்டு மாவட்டம்தான். சேரியில் குடிசை நிற்கும் மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம், எதிர்த்துப் பேசினால் வெளியேற்றிவிடுவார் என்பதை அவர் பதிவு செய்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலங்கள் பிறந்தன. குடியிருக்கும் மண்ணே தனதில்லாத ஒருவருக்குக் கதவு எண் ஏது, முகவரி ஏது? நிலக் கேள்வியும் தபால் கேள்வியும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ரெட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் உறுப்பினர்களாக இருந்த அவை அது. எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுத் தெருவிலும் நடக்கலாம். எந்தப் பொது அலுவலகத்துக்கும் கிணற்றுக்கும் குளத்துக்கும் போகலாம் என்றது தீர்மானம். ஜி.பி.ஓ. திறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, பொது அலுவலகத்துக்குள் போகலாம் என்று தனியாக ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. அதிலிருந்தே அந்த நாற்பது ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு, 1955 சட்டம், 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எல்லாம் வந்தன. அதற்குப் பிறகும் என்ன நடந்தது? கன்ஷ்யாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் நூலாக வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட நான்கில் ஒரு கிராமத்தில் தலித் வீடுகளுக்குத் தபால் நேரடியாக வருவதில்லை என்று அதில் பதிவாகியிருக்கிறது. நம் தங்கையின் ஐந்து நாளும் அந்தக் கணக்கில்தான் வரும்.

அஞ்சலகம் நம் தெருவுக்கு வந்தபோது

நம்பிக்கை தரும் ஒரு செய்தியும் உண்டு. கிராம அஞ்சலகத்தின் பொறுப்பை ஏற்பவரே அதற்கான இடத்தை ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற விதி இன்றும் இருக்கிறது. நம்மைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய அதே விதி, இட ஒதுக்கீட்டோடு சேரும்போது வேறு மாதிரி வேலை செய்கிறது. நாங்கள் அறிந்த ஒரு கிராமத்தில் நம் தெருப் பெண் ஒருவர் கிளை அஞ்சலகப் பொறுப்புக்குத் தேர்வானார். அவர் தன் வீட்டுப் பக்கத்து அறையைக் காட்டியதும், "அங்க வந்து எப்படிப் பணம் எடுக்கறது?" என்று முணுமுணுத்தார்கள். ஊர்ப் பக்கம் இடம் பார்க்கச் சொல்லிப் பெரியவர்களை விட்டுத் தூது அனுப்பினார்கள். அவர் அசையவில்லை. நாங்களும் கூட நின்றோம். முதல் மாதம் வாசலுக்கு வெளியிலேயே நின்று கையெழுத்துப் போட்டவர்கள் இருந்தார்கள். மழைக்காலம் வந்தபோது உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இப்போது கணக்குப் புத்தகத்தை அவர் கையிலிருந்துதான் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஓர் அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்றுதான் சொல்கிறோம்.

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். உறையின் மேல் இருக்கும் சொல் மாற வேண்டும். அதோடு, உறையை எடுத்து வருபவர் நம் தெருவுக்குள் காலெடுத்து வைக்கவும் வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். அடுத்த விடுமுறையில் உங்கள் ஊரில் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். அஞ்சலகம் எந்தத் தெருவில் இருக்கிறது, இதற்கு முன் எந்த எந்த வீட்டில் இருந்தது? உங்கள் தெருவுக்குத் தபால் வீடு வரை வருகிறதா, வழியில் நிற்கிறதா? உங்கள் பாட்டி, தாத்தா முதல் மணியார்டரை எங்கே நின்று வாங்கினார்கள்? உங்கள் முகவரியில் தெருப் பெயர் என்னவாக இருந்தது, யார் வைத்தது? ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். கட்டடங்களின் வரலாற்றை எழுதப் பலர் இருக்கிறார்கள். திண்ணைக்கு வெளியே நின்றவர்களின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.

தபால் வீட்டுக்கு வரவில்லையென்றால் அதை வழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தங்கை அன்று ஜி.பி.ஓ. கூடத்திலேயே உட்கார்ந்து தன் முதல் புகாரை எழுதினாள். வில்லை ஒட்டி அங்கேயே பெட்டியில் போட்டாள். பதில் வரும்போது தன் வீட்டு வாசலில்தான் கையெழுத்துப் போட்டு வாங்குவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

ஜெய் பீம்.